பச்சிளம் குழந்தைக்குச் செங்கண்மாரி: டிக்கெட்டைப் படித்துக் கோட் போடுவது எப்படி?

பதிவறை வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் குழந்தைச் செங்கண்மாரி டிக்கெட் (வார்டில் நோயாளியைப் பற்றி எழுதும் பதிவேடு) கையில் வந்ததும் யோசிக்காமல் பி59.9 (ஆங்கிலத்தில் P59.9) போட்டுவிடுகிறார்கள். காரணம் குறிப்பிடப்படாத செங்கண்மாரிக்கு ஐசிடி-10 என்ற உலகளாவிய நோய்ப் பட்டியல் கொடுக்கும் கோட், அதாவது குறியீடு, அது. காரணம் டிக்கெட்டுக்குள்ளேயே இருந்தால் அது பிழை. கொழும்பில் நாம் போடும் கோட்தான் சுகாதார அமைச்சின் மருத்துவப் புள்ளிவிவரப் பிரிவுக்குப் போகிறது. எதனால் எத்தனை குழந்தைகள் மஞ்சளானார்கள் என்பதை அங்கே அதை வைத்துத்தான் எண்ணுவார்கள்.

படி 1: துண்டு வெட்டும்போது (வீட்டுக்கு அனுப்பும்போது) எழுதிய கடைசி வரியோடு நிற்காதீர்கள். பிறந்த நேரம், மஞ்சள் முதலில் தெரிந்த நேரம், கர்ப்ப வாரம், தாய், பிள்ளை இருவரின் இரத்த வகை, கூம்ஸ் பரிசோதனை (பிள்ளையின் சிவப்பணுக்களில் எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது), பிலிருபின் (மஞ்சள் நிறத்தைத் தரும் பொருள்) அளவு எல்லாவற்றையும் தேடுங்கள்.

டிக்கெட் எழுதுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "இரண்டாம் நாள்" என்று எழுதினால் போதாது, மணித்தியாலக் கணக்கு வேண்டும். முதல் 24 மணித்தியாலத்துக்குள் வரும் மஞ்சளைச் சாதாரணமானது என்று விடமாட்டார்கள். ஒளிச்சிகிச்சை (குழந்தையை விளக்கின் கீழ் வைப்பது) தொடங்கும் அளவையும் மணித்தியாலம் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். பிலிருபின் அளவுக்குப் பக்கத்தில் அலகையும் எழுதுங்கள். டெசிலீட்டருக்கு 15 மில்லிகிராம் என்பது லீட்டருக்குச் சுமார் 256 மைக்ரோமோல். வெறும் "15" யாருக்கும் உதவாது.

படி 2: காரணத்தைப் பிடியுங்கள். ஓர் உதாரணம் பார்ப்போம். தாய் ஓ பொசிட்டிவ், பிள்ளை ஏ பொசிட்டிவ். 20 மணித்தியாலத்தில் மஞ்சள், நேரடிக் கூம்ஸ் பொசிட்டிவ். வைத்தியர் "ஏபிஓ பொருந்தாமை" (தாய், பிள்ளை இரத்த வகை ஒத்துப்போகாதது) என்று எழுதியிருக்கிறார். சரி, கோட் பி55.1. ஆர்எச் (இரத்த வகையின் பொசிட்டிவ், நெகட்டிவ்) பொருந்தாமை என்றால் பி55.0. குறைமாதத்தால் வந்தது பி59.0, அதோடு குறைமாதத்துக்கான கோடும் சேரும். பிறக்கும்போது கன்றிப்போனதால் என்றால் பி58.0, தொற்றால் என்றால் பி58.2, தாய்ப்பாலால் என்றால் பி59.3. எல்லாம் தேடியும் காரணம் இல்லையென்றால் மட்டும் பி59.9, உடலியல் செங்கண்மாரி என்று எழுதியிருந்தாலும் அதுவேதான். ஒளிச்சிகிச்சை கொடுத்ததை வைத்துக் காரணத்தை ஊகிக்க முடியாது, எந்தக் காரணத்துக்கும் அதே விளக்குத்தான்.

படி 3: சந்தேகம் வந்தால் வார்டுக்குப் போய்க் கேளுங்கள். இரத்த வகை வேறாக இருக்கிறது என்பதற்காக நாமே பி55.1 போடக் கூடாது. அப்படியான குழந்தைகள் பலருக்கு ஒன்றும் ஆவதில்லை. பிலிருபின் எவ்வளவு ஏறியிருந்தாலும், மூளை பாதித்தது என்று வைத்தியர் எழுதாமல் பி57ஐத் தொடவே வேண்டாம்.

அப்புறம், இரண்டு மூன்று கிழமை கழித்தும் மஞ்சள் இறங்காமல், மலம் வெளிறிப்போய் பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு வரும் குழந்தைகளும் உண்டு. பித்தக்குழாய் அடைப்புப் பிறவியிலேயே இருந்தது என்று உறுதியானால் கோட் கியூ44.2. பழைய டிக்கெட்டில் பி59.9 இருக்கிறதே என்று அதையே இதிலும் எழுதாதீர்கள்.