தலை திரும்பாத குழந்தை: பிரசவ மாதத்தில் என்ன செய்யலாம், எப்போது செய்ய வேண்டும்

ஏழாம் மாத ஸ்கேன் அறிக்கையில் ‘பிரீச்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுத் தூக்கத்தைத் தொலைக்கத் தேவையில்லை. 28 வார அளவில் நான்கு அல்லது ஐந்து குழந்தைகளில் ஒன்று தலை மேலும் பிட்டம் கீழுமாகத்தான் இருக்கிறது. கருப்பைக்குள் இடமும் பனிக்குட நீரும் தாராளமாக இருக்கும் அந்தப் பருவத்தில் குழந்தை நாளுக்கொரு நிலையில் கிடக்கும். பின்னர் இடம் குறையக் குறையப் பெரும்பாலான குழந்தைகள் தாமாகவே தலையைக் கீழே கொண்டுவந்துவிடுகின்றன. 37 வாரம் நிறையும்போது நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு குழந்தைகள் மட்டுமே திரும்பாமல் எஞ்சியிருக்கும். ஆனால் முதல் பிரசவமாக இருந்து, 36 வாரம் தாண்டியும் குழந்தை திரும்பவில்லை என்றால், அதன்பின் தானாகத் திரும்பும் வாய்ப்பு நூற்றுக்கு எட்டு என்ற அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. “பொறுத்துப் பார்ப்போம், தானே திரும்பிவிடும்” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் ஆறுதல் 30-ஆம் வாரத்தில் சரியானது. 37-ஆம் வாரத்தில் அதே ஆறுதல், செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் செய்யாமல் விடுவதற்குக் காரணமாகிவிடக் கூடும்.

குழந்தை எப்படி இருக்கிறது என்பதை ஓரளவு நீங்களே உணரலாம். விலா எலும்புக்குக் கீழே உருண்டையாகவும் கடினமாகவும் ஒன்று அழுத்திக்கொண்டிருந்து, உதைகள் அடிவயிற்றிலும் சிறுநீர்ப்பையின் மீதும் விழுந்தால் தலை மேலே இருக்கலாம். பரிசோதிக்கும் மருத்துவரோ செவிலியரோ வயிற்றைத் தொட்டுப் பார்க்கும்போதும், இதயத்துடிப்பு தொப்புளுக்கு மேலே தெளிவாகக் கேட்கும்போதும் இதே ஐயம் எழும். உறுதி செய்வது ஸ்கேன் ஒன்றுதான். கைப்பரிசோதனையில் பிட்டத்தைத் தலையென்று எண்ணிவிடுவது அனுபவமுள்ளவர்களுக்கும் நேர்வதே. ஆகவே சந்தேகம் இருந்தால் 36-ஆம் வாரத்தில் ஒரு ஸ்கேன் எடுக்கும்படி கேட்பதில் தயங்க வேண்டியதில்லை.

ஸ்கேன் எடுக்கும்போது “பிரீச்தானா?” என்பதோடு நின்றுவிடாமல் இன்னும் சில விவரங்களைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தை இரு கால்களையும் முகத்தை நோக்கி நீட்டியிருக்கிறதா, சம்மணமிட்டதுபோல் மடக்கியிருக்கிறதா, அல்லது ஒரு பாதம் பிட்டத்துக்கும் கீழே இறங்கியிருக்கிறதா என்பது முக்கியம். கால்களை நீட்டியிருக்கும் குழந்தைக்கு அந்தக் கால்களே சிம்பு வைத்துக் கட்டியதுபோல் முதுகை நிமிர்த்திவிடுவதால் திரும்புவது சற்றுக் கடினம். பாதம் கீழே இருக்கும் நிலையிலோ, பனிக்குடம் உடையும்போது தொப்புள்கொடி நழுவி வெளியே வரும் ஆபத்து அதிகம். நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது, பனிக்குட நீர் போதுமான அளவு இருக்கிறதா, கருப்பையில் கட்டியோ பிறவி அமைப்பு மாறுபாடோ உண்டா என்பவையும் தெரிய வேண்டும். குழந்தை திரும்பாமல் இருப்பதற்கு இவற்றில் ஒன்று காரணமாக இருக்கலாம். அப்படியிருந்தால் எந்த உடற்பயிற்சியும் அந்தக் காரணத்தை மாற்றப்போவதில்லை. பல கர்ப்பங்களில் எந்தக் காரணமும் தென்படாது. தாய் படுத்த விதமோ, மாடிப்படி ஏறியதோ, வண்டியில் போனதோ இதற்குக் காரணம் அல்ல என்பதை வீட்டில் உள்ளவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

வீட்டில் செய்யக்கூடியது

முழங்கால்–மார்பு நிலை என்று ஒரு பயிற்சி உண்டு. சிறுநீர் கழித்துவிட்டு, வயிறு காலியாக இருக்கும் வேளையில், தளர்வான ஆடையுடன் இதைச் செய்ய வேண்டும். தரையில் பாய் விரித்து, முழங்கால்கள் வலிக்காமல் இருக்க மடித்த போர்வை ஒன்றைப் போட்டு, முழங்கால்களை இடுப்பின் அகலத்துக்கு அகற்றி ஊன்றிக்கொள்ளுங்கள். பிறகு முன்னால் குனிந்து, மார்பையும் கன்னத்தையும் ஒரு தலையணை மீது சாய்த்து, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி வையுங்கள். தொடைகள் செங்குத்தாக நிற்க வேண்டும். வயிறு தொடைகளில் அழுந்தக் கூடாது. பிட்டம் உடலின் மற்றப் பகுதிகளைவிட உயரமாக இருக்கும் இந்த நிலையில், இடுப்பெலும்புக்குள் இறங்கியுள்ள குழந்தையின் பிட்டம் சற்று மேலெழும்பி, அது புரள்வதற்கு இடம் கிடைக்கும் என்பதே இதன் பின்னுள்ள எண்ணம். ஒரு தடவைக்குப் பத்து முதல் பதினைந்து நிமிடம், நாளில் இரண்டு மூன்று முறை போதும். எழும்போது ஒருவர் கைகொடுக்கட்டும். நிறைமாத வயிற்றோடு தலை தாழ்ந்த நிலையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலைசுற்றும்.

இது பலன் தருமா என்றால், இத்தகைய நிலைகளை ஆராய்ந்த சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், திரும்பிய குழந்தைகளின் எண்ணிக்கை அதிகரித்ததாகத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. தீங்கு செய்வதாகவும் தெரியவில்லை. ஆகவே மனத்துக்கு ஆறுதலாக இருந்தால் செய்யலாம். ஆனால் இரத்த அழுத்தம் கூடியிருப்பவர்கள், இரத்தக்கசிவு இருந்தவர்கள், நஞ்சுக்கொடி கீழே இருப்பவர்கள், பனிக்குடம் உடைந்தவர்கள் இதைச் செய்யக் கூடாது. மூச்சுத் திணறலோ நெஞ்செரிச்சலோ வந்தால் நிறுத்திவிட்டு இடப்பக்கமாகச் சாய்ந்து படுங்கள். அடிவயிற்றில் டார்ச் அடித்துக் காட்டுவது, பாட்டுப் போடுவது, மேல்வயிற்றில் குளிர்ந்த துணி வைப்பது ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கெடுதலும் இல்லை, பயன் உண்டென்பதற்கு ஆதாரமும் இல்லை.

சீன மருத்துவத்தின் மாக்ஸிபஷன் முறையை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். நம் பூக்கடைகளில் விற்கும் மரிக்கொழுந்தின் இனத்தைச் சேர்ந்த மாசிபத்திரி வகைச் செடியின் இலையைச் சுருட்டிக் கொளுத்தி, கால் சுண்டுவிரல் நகத்தின் வெளி ஓரத்துக்கு அருகில், தோலில் படாமல் வெப்பம் காட்டுவது அந்த முறை. 1998-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சீனாவின் ஜியாங்ஷி மாகாணத்தில் 33-ஆம் வாரத்தில் இருந்த 260 முதல் கர்ப்பிணிகளில், இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 75 சதவீதத்தினருக்கும், பெறாதவர்களில் 48 சதவீதத்தினருக்கும் 35-ஆம் வாரத்தில் குழந்தையின் தலை கீழே வந்திருந்தது. பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாம் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் காட்டவில்லை என்றாலும், 33 முதல் 35 வாரத்துக்குள், பயிற்சி பெற்றவரின் மேற்பார்வையில் இதை முயன்று பார்க்கலாம் என்று பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கல்லூரியின் வழிகாட்டுதலும் கூறுகிறது. நம் ஊர்களில் அத்தகைய பயிற்சி பெற்றவர் கிடைப்பது அரிது. கிடைக்காவிட்டால் ஊதுவத்தியை வைத்து வீட்டில் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

எண்ணெய் தேய்த்து வயிற்றைப் பிடித்துத் திருப்பிவிடுகிறேன் என்று யார் சொன்னாலும், அவர் எத்தனை பிரசவம் பார்த்தவராக இருந்தாலும், வயிற்றைக் கொடுக்காதீர்கள். மருத்துவமனையில் மருத்துவரும் கைகளால்தானே திருப்புகிறார் என்று கேட்கலாம். நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது என்பதை ஸ்கேனில் பார்த்துவிட்டு, குழந்தையின் இதயத்துடிப்பைக் கவனித்தபடி, தேவைப்பட்டால் உடனே அறுவைக்கு எடுத்துப்போகும் வசதி அருகில் இருக்கும்போதுதான் அவர் அதைச் செய்கிறார். நஞ்சுக்கொடி விலகி உள்ளே இரத்தம் கசிந்தால் எண்ணெய்க் கைகளுக்குத் தெரியாது.

மருத்துவமனையில் திருப்புவது

குழந்தையைத் திருப்புவதற்குப் பயன் நிரூபிக்கப்பட்ட வழி, வயிற்றின் வெளியிலிருந்து கைகளால் திருப்பும் மருத்துவ முறையே. மருத்துவர்கள் இதை ‘ஈசிவி’ என்பார்கள். முதல் பிரசவமானால் 36 வாரம் முடிந்ததும், முன்பே குழந்தை பெற்றவரானால் 37 வாரம் முடிந்ததும் செய்வது வழக்கம். பொதுவாகப் பாதிப் பேருக்கு இது வெற்றியளிக்கிறது. முதல் பிரசவத்தில் நூற்றுக்கு நாற்பதும், அடுத்த பிரசவங்களில் அறுபதும் என்று வைத்துக்கொள்ளலாம். எல்லா மருத்துவமனைகளிலும் இது செய்யப்படுவதில்லை. சில இடங்களில் இப்படியொரு வழி இருப்பதையே சொல்லாமல் சிசேரியனுக்குத் தேதி குறித்துவிடுகிறார்கள். ஆகவே 35-ஆம் வாரப் பரிசோதனையிலேயே “இங்கே ஈசிவி செய்வீர்களா? இல்லையென்றால் எந்த மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பீர்கள்?” என்று நேரடியாகக் கேளுங்கள். 38-ஆம் வாரத்தில் கேட்டால், வேறிடம் தேடுவதற்குள் வலி கண்டுவிடலாம்.

நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்திருந்தாலோ, அண்மையில் இரத்தப்போக்கு இருந்தாலோ, பனிக்குடம் உடைந்திருந்தாலோ, இரட்டைக் குழந்தைகளானாலோ, குழந்தையின் இதயத்துடிப்புப் பதிவு சரியில்லாவிட்டாலோ, வேறு காரணத்துக்காக எப்படியும் சிசேரியன் தேவை என்றாலோ இதைச் செய்ய மாட்டார்கள். பனிக்குட நீர் மிகக் குறைவாக இருப்பவர்களுக்கும், இரத்த அழுத்தம் கடுமையாக இருப்பவர்களுக்கும் மருத்துவர் யோசித்தே முடிவு சொல்வார். முன்பு ஒரு சிசேரியன் ஆனவர்களுக்கு இது அறவே கூடாது என்பதில்லை. ஆனால் அவர்களுக்குச் செய்யத் தயங்கும் மருத்துவர்கள் உண்டு, அந்தத் தயக்கத்தை மதிக்கவும் வேண்டும்.

அன்றைய நாளில் நடப்பது இதுதான். எத்தனை மணி நேரத்துக்கு முன் சாப்பாட்டை நிறுத்த வேண்டும் என்பதை முதல்நாளே கேட்டுக்கொண்டு, மாற்றுத் துணியுடனும் ஸ்கேன் அறிக்கைகளுடனும் உடன் ஒருவரோடு போங்கள். முதலில் மீண்டும் ஒரு ஸ்கேன் எடுப்பார்கள். அதற்குள் குழந்தை தானே திரும்பியிருந்தால் மகிழ்ச்சியோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இல்லையென்றால் இதயத்துடிப்பைச் சிறிது நேரம் பதிவு செய்து, கருப்பை இறுகாமல் தளர்ந்திருக்க டெர்பியூட்டலின் போன்ற ஓர் ஊசி போடுவார்கள். அந்த ஊசியால் சில நிமிடங்களுக்கு நெஞ்சு படபடக்கும், கைகள் நடுங்கும். பயப்பட வேண்டாம், அடங்கிவிடும். பிறகு கட்டிலைச் சற்றுச் சாய்த்து, வயிற்றில் ஜெல் தடவி, மருத்துவர் ஒரு கையால் குழந்தையின் பிட்டத்தை இடுப்பெலும்புக்குள்ளிருந்து மேலே தூக்கி, மறு கையால் தலையை மெல்ல வழிநடத்தி, குட்டிக்கரணம் போடுவதுபோல் முன்பக்கமாகச் சுழற்றப் பார்ப்பார். அந்தப் பக்கம் நகராவிட்டால் எதிர்ப்பக்கம் முயல்வார். தள்ளும் நேரம் மொத்தமாகப் பத்து நிமிடத்துக்கு மேல் போகாது. அழுத்தம் பலமாகவே இருக்கும், சிலருக்கு வலிக்கும். வயிற்றுத் தசையை இறுக்காமல் மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் மருத்துவரின் வேலையும் எளிதாகும். தாங்க முடியவில்லை என்றால் “நிறுத்துங்கள்” என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. சொன்ன உடனே நிறுத்துவார்கள்.

திருப்பும்போது குழந்தையின் இதயத்துடிப்புச் சிறிது நேரம் குறைவது உண்டு. பெரும்பாலும் கையை எடுத்ததும் சரியாகிவிடும். சரியாகாமல் உடனடி சிசேரியன் தேவைப்படுவது ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்குத்தான், ஆனால் அந்த ஒருவருக்காகத்தான் அறுவை அரங்கு அருகில் இருக்க வேண்டும் என்கிறோம். முடிந்ததும் மீண்டும் இதயத்துடிப்பைப் பதிவு செய்து, நலமாக இருந்தால் அன்றே வீட்டுக்குப் போகலாம். உங்கள் இரத்த வகை நெகட்டிவ் என்றால், குழந்தையின் இரத்தத்துக்கு எதிராக உங்கள் உடலில் எதிர்ப்பொருள் உருவாகாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசியைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். வீடு திரும்பிய பின் இரத்தக்கசிவு, விடாத வயிற்றுவலி, நீர் வடிதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். திரும்பிய குழந்தை மறுபடி பழைய நிலைக்குப் போவது நூற்றுக்கு மூன்று பேருக்குத்தான் நேரும் என்றாலும், அடுத்தடுத்த பரிசோதனைகளில் தலை கீழே இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

திரும்பவே இல்லை என்றால்

கனடாவின் மேரி ஹன்னா தலைமையில் 26 நாடுகளில் 2,088 கர்ப்பிணிகளிடம் நடந்து, 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு, பிரீச் குழந்தைக்குத் திட்டமிட்ட சிசேரியனே பாதுகாப்பானது என்று காட்டியது. அதன் பின் உலகெங்கும் சிசேரியனே வழக்கமாகி, பிரீச் குழந்தையை இயல்பான வழியில் பிரசவிக்கச் செய்யும் கைப்பழக்கம் மருத்துவர்களிடையே அருகிவிட்டது. கணக்காகச் சொன்னால், 39 வாரத்துக்குப் பின் திட்டமிட்ட சிசேரியனில் குழந்தை இறக்கும் வாய்ப்பு 1,000-க்கு 0.5, தலை கீழாக இருக்கும் சாதாரணப் பிரசவத்தில் 1, பிரீச் நிலையில் இயல்பான பிரசவத்தில் 2. குழந்தை நடுத்தர எடையுடனும் பாதம் கீழே இறங்காமலும் தலை பின்னுக்கு நிமிராமலும் இருந்து, அனுபவமுள்ள மருத்துவரும் அறுவை அரங்கும் எந்நேரமும் இருந்தால் இயல்பான பிரசவத்தைப் பற்றிப் பேசலாம். இல்லாத இடத்தில் பிடிவாதம் வேண்டாம். சிசேரியனுக்குத் தேதி குறித்தவர்கள் அன்று காலையில் ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். கடைசி நாளில் திரும்பிய குழந்தைகளும் உண்டு.

குறித்த தேதிக்கு முன்பே பனிக்குடம் உடைந்துவிட்டால், வலி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே கிளம்ப வேண்டும். தொப்புள்கொடி வெளியே தெரிந்தாலோ தட்டுப்பட்டாலோ அதை உள்ளே தள்ள முயலாமல், மேலே சொன்ன முழங்கால்–மார்பு நிலைக்குப் போய் 108-ஐ அழையுங்கள். பயிற்சியாக அது திருப்புகிறதோ இல்லையோ, கொடியின் மீது விழும் அழுத்தத்தை அந்த நிலை குறைக்கும்.

குழந்தை பிறந்தபின் ஒரு வேலை மீதமிருக்கிறது. 36 வாரத்துக்குப் பின்னும் பிரீச் நிலையில் இருந்த குழந்தைகளுக்கு, பின்னர் திரும்பித் தலைவழியே பிறந்திருந்தாலும், இடுப்பு மூட்டு சரியாக அமையாமல் போகும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட அதிகம். ஆறு வார அளவில் இடுப்புக்கு ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்பதை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வரும்போதே சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தடுப்பூசிக்குப் போகும் நாளில் குழந்தை மருத்துவரிடம் அந்தச் சீட்டைக் காட்டுங்கள்.