தெருவில் ஓர் ஆண்கள் குழு: தொடங்குவதும் நடத்துவதும்

பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்கும் பணியில் ஆண்களைச் சேர்க்க விரும்புவோர், அவர்களை அழைப்பதற்கு முன் அதே தெருவின் மகளிர் சுய உதவிக் குழுவினரிடம் போய், 'இங்குள்ள ஆண்களிடம் எது மாறினால் உங்களுக்கு நிம்மதி?' என்று கேட்க வேண்டும். குடித்துவிட்டு வருபவனைப் பற்றியோ, பேருந்து நிறுத்தத்தில் பள்ளி மாணவிகளைச் சீண்டும் கூட்டத்தைப் பற்றியோ அவர்கள் சொல்வதைப் பெயர்களின்றிக் குறித்துக்கொள்ளுங்கள்.

'விழிப்புணர்வுக் கூட்டம்' என்று அறிவித்தால் வருபவர்கள் பின்வரிசையில் அமர்ந்து கைப்பேசியைப் பார்ப்பார்கள். ஆண்கள் ஏற்கெனவே கூடும் ஆட்டோ நிறுத்தத்துக்கோ இளைஞர் மன்றத்துக்கோ நீங்கள் செல்வதே நல்லது. கிரிக்கெட் அணித் தலைவர், ஆட்டோ சங்கச் செயலாளர் போல அவர்கள் மதிக்கும் ஒருவர் அழைக்கட்டும். பத்துப் பதினைந்து பேர் போதும்.

முதல் சந்திப்பிலேயே குற்றம் சாட்டினால் இரண்டாம் சந்திப்பு நடக்காது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு, எந்தெந்தக் காரணத்துக்காகக் கணவன் மனைவியை அடிப்பது நியாயம் என்று ஏழு சூழல்களைச் சொல்லிக் கேட்டது. சொல்லாமல் வெளியே போவது, எதிர்த்துப் பேசுவது, சமையல் சரியில்லாதது ஆகியவை அவற்றுள் சில. இந்திய அளவில் 44 விழுக்காடு ஆண்களும் 45 விழுக்காடு பெண்களும் ஏதேனும் ஒன்றையாவது நியாயம் என்றனர். இதே கேள்வியை உங்கள் குழுவிலும் கேளுங்கள். 'பெண்களே ஒத்துக்கொள்கிறார்களே' என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். அப்போது, 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்ற பழமொழியை அவருடைய தங்கையிடம் யார் யார் எத்தனை முறை சொல்லியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து வருவது மதுவைப் பற்றிய வாதம். குடிப்பழக்கம் வன்முறையை மோசமாக்குகிறது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதே போதையில் வழியில் எதிர்ப்படும் காவலரிடமும் முதலாளியிடமும் அடங்கிப் போகிறவர், வீட்டு வாசலைத் தாண்டியதும் கை ஓங்குவது எப்படி என்று கேட்டுவிட்டு மௌனமாக இருங்கள். என் கணிப்பில், ஒரு மணி நேரச் சொற்பொழிவு செய்யாததை அந்த மௌனம் செய்யும்.

பேச்சோடு நில்லாமல் பயிற்சியும் வேண்டும். பக்கத்து வீட்டில் அடிக்கும் சத்தம் கேட்டால் 'குடும்ப விஷயம்' என்று கதவைச் சாத்துகிறவர்களே மிகுதி. 2008-இல் இந்தியாவில் தொடங்கிய 'பெல் பஜாவோ' இயக்கம், அந்த வீட்டு அழைப்பு மணியை அழுத்துங்கள் என்று ஆண்களைக் கேட்டுக்கொண்டது. தீப்பெட்டி கேட்டோ, மோட்டார் போட்டாயிற்றா என்று விசாரித்தோ அடியை இடைநிறுத்த முடியும். இதைக் குழுவில் இருவர் இருவராக நடித்துப் பழகுங்கள். தனியாகப் போகாமல் இன்னொருவரை அழைத்துக்கொள்வதும், ஆயுதம் தெரிந்தால் விலகி அவசர உதவி எண் 112-ஐ அழைப்பதும் பயிற்சியின் பகுதியே. மகளிர் உதவி எண் 181-ஐ எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கட்டும்.

ஒருநாள் குழுவிலேயே ஒருவர், 'நானும் அடித்திருக்கிறேன்' என்பார். கைதட்டிப் பாராட்டவும் வேண்டாம், விரட்டவும் வேண்டாம். அவரையும் மனைவியையும் எதிரெதிரே உட்கார வைத்துச் சமரசம் பேசுவதோ, மனைவி சொன்னதை அவரிடமே சொல்லி விசாரிப்பதோ மிகப் பெரிய தவறு. அன்றிரவு அதற்கான விலையைக் கொடுப்பவர் அந்தப் பெண்தான். அவருடைய விருப்பத்தை மகளிர் குழுவைச் சேர்ந்த பெண்கள் தனியே கேட்டறியட்டும். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, கணவர் பெயரிலுள்ள வீடானாலும் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் வசிக்க அவருக்கு உரிமை உண்டு. அச்சட்டத்தின்கீழ் நியமிக்கப்பட்ட பாதுகாப்பு அலுவலரை அணுகி அவர் உதவி பெறலாம்.

1989-இல் மாண்ட்ரியால் பொறியியல் கல்லூரியில் 14 பெண்கள் கொல்லப்பட்டதை அடுத்து, 1991-இல் கனடாவில் ஆண்கள் வெள்ளை ரிப்பன் இயக்கத்தைத் தொடங்கினர். நல்ல அடையாளம்தான், ஆனால் பெண்கள் மீதான வன்முறை ஒழிப்பு நாளான நவம்பர் 25 அன்று ரிப்பன் குத்திப் படம் எடுத்துக்கொள்வது எளிது. கூட்டம் முடிந்ததும் தேநீர்க் குவளைகளை யார் கழுவுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.

ஆறு மாதம் கழித்து அதே மகளிர் குழுவிடம் சென்று, முதலில் கேட்ட கேள்விக்கான பதில்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டி, எது மாறியது என்று கேளுங்கள். 'ஒன்றும் மாறவில்லை' என்று சொன்னால், ஆண்கள் குழுவின் அடுத்த கூட்டத்தில் முதலில் பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.