நாளைக் காலை விளக்கக்காட்சி: அவசரத்தில் செய்யக்கூடாத தவறுகள்

நாளைக் காலை பத்து மணிக்கு விளக்கக்காட்சி என்று இன்று மாலை தகவல் வந்தால், நம்மில் பெரும்பாலோர் முதலில் செய்வது பவர்பாயிண்ட்டைத் திறப்பதுதான். டெம்ப்ளேட் தேடுவதிலும், நிறங்களை மாற்றிப் பார்ப்பதிலும், தலைப்பு ஸ்லைடை அழகுபடுத்துவதிலும் ஒரு மணி நேரம் கரைந்துவிடுகிறது. வேலை நடக்கிறது என்ற நிறைவும் கிடைத்துவிடுகிறது. ஆனால் என்ன சொல்லப் போகிறோம் என்பது அப்போதும் முடிவாகியிருப்பதில்லை. விளக்கக்காட்சி சொதப்பினால் நேரம் போதவில்லை என்று சொல்வது வழக்கம். நான் பார்த்த வரையில், இருந்த நேரம் தவறான இடத்தில் செலவானதுதான் பெரும்பாலும் உண்மையான காரணம்.

ஆகவே முதல் இருபது நிமிடங்களுக்குக் கணினியை மூடி வைத்துவிட்டு, ஒரு தாளில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: கூட்டம் முடிந்து எழும்போது கேட்டவர்கள் எதை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், அல்லது எதைச் செய்ய முடிவெடுத்திருக்க வேண்டும்? ‘புதிய கணக்கியல் மென்பொருள் பற்றி’ என்று எழுதினால் அது வெறும் தலைப்பு. ‘மாத இறுதிக் கணக்கு முடிப்பதில் ஏற்படும் தாமதத்தைக் குறைக்க, இந்த மென்பொருளை ஒரு பிரிவில் மட்டும் மூன்று மாதம் சோதித்துப் பார்க்க ஒப்புதல் வேண்டும்’ என்று எழுதினால் அது வாக்கியம். இந்த வாக்கியம் கைக்கு வந்தவுடன், நிறுவனத்தின் வரலாறு, குழுவினரின் படங்கள், மென்பொருளின் முப்பது வசதிகள் ஆகியவற்றில் எவையெல்லாம் தேவையில்லை என்பது தானாகவே தெரிந்துவிடும். அவசரத்தில் நேரத்தை மிச்சப்படுத்தும் ஒரே வழி, செய்ய வேண்டியதன் அளவைக் குறைப்பது. எதைக் குறைக்கலாம் என்பதை அந்த வாக்கியம்தான் சொல்லும்.

முக்கியமானதை அடியில் புதைப்பது

ஸ்லைடின் தலைப்பு செய்தியைச் சொல்லாமல் வெறும் பெயர்ப்பலகையாக நிற்பது அடுத்த தவறு. ‘விற்பனை நிலவரம்’ என்ற தலைப்பைப் பார்ப்பவர், நிலவரம் நல்லதா கெட்டதா என்பதைக் கீழே உள்ள ஆறு வரிகளில் தேட வேண்டியிருக்கிறது. ‘ஆர்டர்கள் குறையவில்லை, அனுப்பி வைப்பதில்தான் தாமதம்’ என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டால் கீழே ஒரு வரைபடம் போதும், பேசுபவருக்கும் எங்கே தொடங்குவது என்ற குழப்பம் இருக்காது.

இதை வெறும் அழகியல் சார்ந்த குறையாக நினைப்பவர்கள், கொலம்பியா விண்வெளி ஓடத்தின் கதையை ஒருமுறை பார்ப்பது நல்லது. 2003 ஜனவரி 16 அன்று ஏவப்பட்ட சுமார் 82 விநாடிகளில், வெளி எரிபொருள் கலத்திலிருந்து பெயர்ந்த நுரைக்காப்புத் துண்டு ஒன்று ஓடத்தின் இடது இறக்கையில் மோதியது. அதனால் என்ன சேதம் நேர்ந்திருக்கும் என்பதைப் பொறியாளர்கள் ஆராய்ந்து, ஓடம் விண்வெளியில் இருந்தபோதே நாசா அதிகாரிகளுக்கு ஸ்லைடுகள் மூலம் விளக்கினார்கள். அவற்றில் ஒரு ஸ்லைடின் தலைப்பு, கவலைப்பட அதிகமில்லை என்ற எண்ணத்தையே தந்தது. மோதிய துண்டின் கணிக்கப்பட்ட கன அளவு 1920 கன அங்குலம், கையில் இருந்த சோதனைத் தரவோ 3 கன அங்குலத் துண்டுக்கானது, அதாவது அந்தக் கணிப்பின்படி மோதிய துண்டு 640 மடங்கு பெரியது என்பதற்கான எண்கள் அதே ஸ்லைடின் கடைசி வரிகளில், சிறிய எழுத்தில், உட்குறிப்புக்குள் உட்குறிப்பாக இருந்தன. பிப்ரவரி 1 அன்று ஓடம் பூமிக்குத் திரும்பும் வழியில் சிதறி, கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேரும் உயிரிழந்தனர். விபத்துக்கு அந்த ஸ்லைடு காரணமன்று. ஆனால் விசாரணைக் குழு தன் அறிக்கையில் அதைத் தனியாக எடுத்துக் காட்டி, இதைப் படிக்கும் உயர் அதிகாரிக்கு இது உயிராபத்தைப் பற்றியது என்பதே புரியாமல் போக வாய்ப்புண்டு என்ற பொருள்படக் கண்டித்தது. நம் ஸ்லைடுகளில் உயிர் எதுவும் தொங்கிக்கொண்டிருப்பதில்லை. புதைக்கும் விதம் மட்டும் ஒன்றேதான்.

ஸ்லைடை அறிக்கையாக்குவது

பேச வேண்டியதை எல்லாம் ஸ்லைடிலேயே எழுதி வைத்தால் மறந்துபோகாது என்ற எண்ணம், நேரமில்லாதபோது மிகவும் ஆறுதலாக இருக்கும். படிப்பதும் பேச்சைக் கேட்பதும் மொழியைப் புரிந்துகொள்ளும் ஒரே திறனை நாடுகின்றன என்பதால், திரையில் முழு வாக்கியங்கள் இருக்கும்போது கேட்பவர் படிக்கத் தொடங்கிவிடுகிறார். பேசுபவரைவிட வேகமாகப் படித்து முடித்துவிட்டு, அவர் எப்போது முடிப்பார் என்று காத்திருக்கிறார். விவரங்கள் தேவைதான் என்றால், அவற்றை இரண்டு பக்கக் குறிப்பாகத் தனியே எழுதி அனுப்பிவிடலாம். பேச வேண்டியது மறந்துவிடும் என்ற பயம் இருந்தால், ஸ்லைடின் அடியில் பேச்சாளருக்கென்றே இருக்கும் குறிப்புப் பகுதியில் எழுதிக்கொள்ளலாம்.

எண்களில் இந்தத் தவறு இன்னும் கூர்மையாகத் தெரியும். ஒருமுறை, நேரமில்லை என்று ஒன்பது நெடுவரிசையும் இருபதுக்கு மேற்பட்ட வரிசைகளும் கொண்ட எக்செல் அட்டவணையை அப்படியே ஸ்லைடில் ஒட்டிவிட்டேன். பேசிக்கொண்டிருக்கும்போது கடைசி வரிசையிலிருந்து ஒருவர், ‘இதில் நாங்கள் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?’ என்று கேட்டார். திரையருகே போய் விரலால் தேடியும் எனக்கே உடனே கிடைக்கவில்லை. அந்த அட்டவணையில் சொல்ல வேண்டியிருந்தது இரண்டே எண்கள். அவற்றை மட்டும் பெரிய எழுத்தில் எழுதியிருந்தால் ஐந்து நிமிட வேலையாக முடிந்திருக்கும்.

ஒட்டுவதில் வேறொரு ஆபத்தும் உண்டு. எக்செல் வரைபடத்தைப் பணிப்புத்தகத்தோடு சேர்த்து உட்பொதிக்கும் தெரிவில் ஒட்டினால், அந்த ஒரு வரைபடம் மட்டுமின்றி முழுக் கோப்பும் ஸ்லைடுக்குள் வந்துவிடும். ஸ்லைடைப் பெறுபவர் வரைபடத்தின் தரவைத் திறந்தால், அவர் பார்க்கக் கூடாத சம்பள விவரம் பக்கத்துத் தாளில் இருக்கக்கூடும். படமாக ஒட்டுவதே பாதுகாப்பு.

பழைய கோப்பைத் திருத்திப் பயன்படுத்துவதில் தவறில்லை, நானும் செய்வதுதான். அடிக்குறிப்பில் போன ஆண்டின் தேதி, குறிப்புப் பகுதியில் வேறொரு வாடிக்கையாளரின் பெயர், மறைத்து வைத்த ஸ்லைடுகள் ஆகிய மூன்றையும் பார்க்காமல் அனுப்புவதுதான் தவறு. செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் ஸ்லைடு கேட்பவர்களுக்குச் சிக்கல் வேறு வகையானது. அது தரும் உரை எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும்படி வழவழப்பாக இருக்கும். அதில் வரும் எண்களுக்கு மூலம் கேட்டால் விழிக்க வேண்டியது நாம்தான். எழுதிய வாக்கியத்தைக் கொடுத்து எதிர்க்கேள்விகளைக் கேட்கச் சொன்னால், அதே கருவி நன்றாக உதவும்.

வாய்விட்டுச் சொல்லிப் பார்க்காதது

தயாரிப்பில் நேரம் போதாவிட்டால் முதலில் பலியாவது ஒத்திகை. இரண்டு மணி நேரம் இருந்தால் கடைசி அரைமணியை அதற்கென ஒதுக்கிவிட்டுத்தான் மீதியைப் பங்கிட வேண்டும் என்பேன். மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது ஒத்திகையாகாது. வாய்விட்டுச் சொன்னால்தான் எந்த இடத்தில் நாக்கு தடுமாறுகிறது, எந்த ஸ்லைடுக்குச் சொல்வதற்கு ஒன்றுமே இல்லை என்பது தெரியும். முழுவதும் சொல்ல நேரமில்லையென்றால், முதல் இரண்டு நிமிடத்தையும் கடைசி ஒரு நிமிடத்தையும் மட்டுமாவது மூன்று முறை சொல்லிப் பாருங்கள். பத்து நிமிடம் தரப்பட்டிருந்தால் எட்டு நிமிடத்துக்கே தயாராகுங்கள். கேள்வியும் குறுக்கீடும் மீதியைத் தின்றுவிடும்.

‘பத்து நிமிடத்துக்கு எத்தனை ஸ்லைடு?’ என்று பலர் கேட்கிறார்கள். 2003-இல் டோக்கியோவில் இரு கட்டடக்கலைஞர்கள் தொடங்கிய பெச்சாகுச்சா என்ற முறையில், 20 ஸ்லைடுகள் ஒவ்வொன்றும் 20 விநாடி வீதம் 6 நிமிடம் 40 விநாடியில் முடிந்துவிடும். ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு பத்து நிமிடமும் பேசலாம். எண்ணிக்கையை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பதே நல்லது.

கருவிகளைப் பொறுத்தவரை, தமிழில் தயாரிப்பவர்களுக்கென்றே ஒரு கண்ணி இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ஸ்லைடு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். யூனிகோடில் எழுதி, கூடவே ஒரு பிடிஎஃப் பிரதியையும் எடுத்துச் செல்லுங்கள். புரொஜெக்டர் பழைய 4:3 அளவா, இன்று வழக்கமான 16:9 அளவா என்று முன்னதாகக் கேட்டுவிட்டால், ஓரங்கள் வீணாகாது.

மேடையேறியவுடன் ‘நேற்று மாலைதான் சொன்னார்கள், அவசரமாகத் தயாரித்தேன், மன்னிக்கவும்’ என்று தொடங்குவது, கேட்பவர்களைக் குறை தேடும்படி நாமே அழைப்பதாகும். நாம் சொல்லாவிட்டால் பலருக்கு அது தெரியவே போவதில்லை. அதேபோல் ‘நன்றி’ என்றோ ‘கேள்விகள்?’ என்றோ மட்டும் எழுதிய ஸ்லைடோடு முடிப்பதும் வழக்கமாகிவிட்டது. கேள்வி பதில் நடக்கும் பத்து பதினைந்து நிமிடமும் திரையில் நிற்கப்போவது அந்தக் கடைசி ஸ்லைடுதான். மற்ற எந்த ஸ்லைடுக்கும் அவ்வளவு நேரம் கிடைப்பதில்லை. நன்றியை வாயால் சொல்லிவிட்டு, தாளில் முதலில் எழுதிய அந்த ஒரு வாக்கியத்தை அங்கே வைத்துவிடலாம்.