சாகே தயாராகும் விதமும் அருந்தும் முறையும்

ஜப்பானிய அரிசி மதுவான சாகேயைக் குளிரவைத்து அருந்துவதா, சூடாக்கி அருந்துவதா என்பதற்கான விடை பெரும்பாலும் அது தயாரான விதத்திலேயே இருக்கிறது. ஆகவே ஜப்பானிய சாகே ஆலைகளில் நடப்பதை ஓரளவு தெரிந்துகொண்ட பிறகு புட்டியைத் திறப்பது நல்லது.

முதல் வேலை அரிசியைத் தீட்டுவது. மணியின் வெளிப்பகுதியில் மிகுதியாக உள்ள புரதமும் கொழுப்பும் நறுமணத்தை மழுங்கடிக்கும் என்பதால், யமதா நிஷிகி போன்ற பெரிய மணி அரிசியைத் தேர்ந்து, மேற்பகுதியை நீக்குகிறார்கள். தீட்டிய பின் மணியில் 60 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ எஞ்சினால் அது கின்ஜோ வகைக்கும், 50 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ எஞ்சினால் தாய்கின்ஜோ வகைக்கும் உரியது. புட்டியில் ஜுன்மாய் என்றிருந்தால், வெளியிலிருந்து ஆல்கஹால் எதுவும் சேர்க்கப்படவில்லை என்று பொருள்.

சாகேயின் உயிர், பூஞ்சை படரவிட்ட அரிசியான கோஜியில்தான் இருக்கிறது. ஒயினாகும் திராட்சையில் சர்க்கரை இயல்பாகவே உண்டு. அரிசியில் இருப்பதோ மாவுச்சத்து, அதை ஈஸ்ட்டால் நேரடியாக உண்ண முடியாது. எனவே ஆவியில் வேகவைத்த அரிசியை வெப்பமான அறையில் பரப்பி, கோஜிப் பூஞ்சையின் நுண்வித்துகளை மாவு சலிப்பதுபோல் மென்மையாகத் தூவி, ஏறத்தாழ இரண்டு நாட்கள், இரவிலும்கூட, வெப்பத்தைக் கவனித்துக் கையால் கிளறிவிடுகிறார்கள். வெண்ணிழைகள் மணிக்குள் ஊடுருவியதும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் தயார்.

பிறகு கோஜி, சோறு, நீர், ஈஸ்ட் ஆகியவற்றைக் கொண்டு ஷுபோ என்னும் தொடக்கக் கலவையைச் செய்து, அதில் மீண்டும் சோறும் கோஜியும் நீரும் மூன்று தவணையாக நான்கு நாட்களில் சேர்க்கிறார்கள்; இரண்டாம் நாள் ஈஸ்ட் பெருகுவதற்காகவே ஓய்வு விடப்படுகிறது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டினால் ஈஸ்ட் நீர்த்துப்போய் வேண்டாத கிருமிகள் மேலோங்கிவிடும். மாவுச்சத்து சர்க்கரையாவதும் சர்க்கரை ஆல்கஹாலாவதும் ஒரே தொட்டியில் ஒரே நேரத்தில் நிகழ்வதால், காய்ச்சி வடிக்காமலேயே ஆல்கஹால் ஏறத்தாழ 20 சதவீதத்தை எட்டுகிறது. மனிதர் கண்டறிந்த நொதித்தல் முறைகளில் இவ்வளவு நுட்பமானவை மிகச் சிலவே என்பது என் உறுதியான கருத்து. மூன்று நான்கு வாரங்களுக்குப் பின் பிழிந்து, வடிகட்டி, ஏறத்தாழ 65 டிகிரியில் சூடுபடுத்தி, பெரும்பாலும் நீர் சேர்த்து 15, 16 சதவீதத்துக்குக் கொண்டுவருகிறார்கள்.

இனி அருந்தும் முறை. கின்ஜோ, தாய்கின்ஜோ வகைகளின் பழ மணம் சூட்டில் கலைந்துவிடும். அவற்றை 10 டிகிரி அளவில் குளிரவைத்து, சிறிய ஒயின் கிண்ணத்தில் பரிமாறலாம். புளிப்பும் அரிசிச் சுவையும் ஓங்கிய ஜுன்மாய் 40 முதல் 45 டிகிரியில் விரிந்து மணக்கும். சூடாக்க, தொக்குரி என்னும் குடுவையை விளிம்புவரை நிரப்பாமல் சற்றுக் குறைவாக ஊற்றி, கொதித்ததும் அடுப்பை அணைத்த நீரில் கழுத்துவரை அமிழ்த்தி, இரண்டு மூன்று நிமிடம் வையுங்கள். குடுவையின் அடிப்பகுதி கைக்கு இதமான சூட்டோடு இருந்தால் எடுத்துவிடலாம். நேரடியாக அடுப்பில் ஏற்றினால் மணமும் ஆல்கஹாலும் ஆவியாகிவிடும்.

ஜப்பானில் தம் கிண்ணத்தைத் தாமே நிரப்பிக்கொள்ளாமல் ஒருவர் மற்றவருக்கு ஊற்றுவது மரபு. சாகேக்கு இடையிடையே தண்ணீரும் அருந்துவது அவசியம். வெளிச்சம் எந்த வகைக்கும் ஆகாது. சூடுபடுத்தாமல் அடைக்கும் நமாசாகேயை எப்போதும் குளிர்பதனப் பெட்டியிலேயே வைத்து, திறந்த பிறகு விரைவில் முடித்துவிட வேண்டும்.