மலையக நீர்த்தேக்கங்களில் சொந்தப் படகு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்தில் படகு ஓட்டக் கால்வாய் கிடையாது. காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை, கொத்மலை போன்ற நீர்த்தேக்கங்களில்தான் இறக்க வேண்டும். கரையில் நின்று பார்த்தால் குளம் போலவே இருக்கும். குளம்தானே என்று இறங்குவதுதான் முதல் தவறு. மின் உற்பத்திக்குத் தண்ணீர் எடுத்தால் மட்டம் இறங்கும், மழை கொட்டினால் ஏறும். போன மாதம் தடையில்லாமல் போன வழியில் இந்த மாதம் அடிமரம் முட்டலாம். அதனால் அணைப் பொறுப்பாளர்களிடம் அனுமதி வாங்கும்போதே அன்றைய நீர்மட்டத்தையும், வான்கதவு திறக்கும் வாய்ப்பையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீருக்கு அடியில் கிடப்பதை மறந்துவிடுகிறார்கள். 1969-இல் மவுஸ்ஸாக்கலை அணை வந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கியது. கடும் வரட்சியில் கோயிலும் விகாரையும் இடிபாடுகளாக வெளியே தெரிகின்றன. அப்போது ஆபத்து குறைவு, ஏனென்றால் கண்ணுக்குத் தெரிகிறது. நீர் அரைகுறையாக நிற்கும் காலம்தான் மோசம்: சுவரும் தேயிலை அடிக்கட்டைகளும் ஓர் அடிக்குக் கீழே ஒளிந்திருக்கும். கரையோரம் நடை வேகத்துக்கு மேல் போகாதீர்கள். ஒருவர் முன்னால் உட்கார்ந்து நீரைப் பார்த்துக்கொண்டே வரட்டும். சிறிய இயந்திரங்கள் பலவற்றில் புரொப்பெல்லர் எதிலாவது மோதினால், அதைத் தண்டோடு பிணைக்கும் ஷியர் பின் என்ற சிறு உலோக ஊசி உடையும். பல்சக்கரங்களைக் காக்கவே அது மென்மையாகச் செய்யப்பட்டிருக்கிறது. அதற்குப் பதிலாக ஆணியைச் செருகினால் அடுத்த மோதலில் பல்சக்கரமே போய்விடும். மாற்றுப் பின் இரண்டும் ஒரு குறடும் படகிலேயே இருக்கட்டும். துடுப்பும் கட்டாயம்.

அணையை நெருங்கிப் படம் எடுக்கப் போவது உயிருக்கே ஆபத்து. சுரங்க வழிக்குத் தண்ணீர் இழுக்கும் இடத்தில் மேற்பரப்பு அமைதியாகவே இருக்கும், இழுப்பு அடியில் நடக்கும். மிதவைக் கயிறு கட்டியிருந்தால் அதைத் தாண்டவே கூடாது. வான் பாயும் நாட்களில் படகையே இறக்காதீர்கள். கென்யன், நோட்டன் பிரிட்ஜ் போன்ற சிறிய தேக்கங்களில் மழை நேரத்தில் நீர் வேகமாக ஏறும், அங்கே படகு ஓட்டும் எண்ணமே வேண்டாம்.

கொழும்பில் நன்றாக ஓடிய இயந்திரம் இங்கே திணறினால் பழுது என்று நினைக்காதீர்கள். 300 மீற்றர் உயரத்துக்குச் சுமார் 3 சதவீதம் வீதம் பெற்றோல் இயந்திரத்தின் வலு குறையும். காசல்ரீ ஏறத்தாழ 1,100 மீற்றரில் இருப்பதால் பத்தில் ஒரு பங்கு போய்விடும். கார்புரேட்டர் இயந்திரத்தில் காற்று குறைந்து பெற்றோல் மிஞ்சுவதால் பிளக்கில் கரி படியும், மாற்றுப் பிளக் ஒன்று வையுங்கள். எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு.

ஆட்களை ஏற்றுவதில் கணக்குத் தவறுகிறது. சிறிய படகுக்கு நீளத்தையும் அகலத்தையும் அடிக்கணக்கில் அளந்து பெருக்கி 15ஆல் வகுங்கள். 12 அடி நீளம், நாலரை அடி அகலம் என்றால் 3 பேர், அதுவும் அமைதியான நீரில். உயிர்காப்பு அங்கியை ஆசனத்துக்குக் கீழே வைத்துப் பயனில்லை. அணிந்தபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள், தாடைக்கு மேல் ஏறினால் அந்த அளவு சரியில்லை. மழைக்கோட்டையும் பூட்ஸையும் போட்டுக்கொண்டு படகேற வேண்டாம், நீர் புகுந்தால் நீந்த முடியாது.

காலையில் புறப்பட்டு நண்பகலுக்குள் கரை சேருங்கள். மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை வழக்கம். பனிமூட்டம் இறங்கினால் சுற்றிலும் ஒரே தேயிலைச் சரிவாகத் தெரியும், எந்தக் கரை என்றே புரியாது. திசைகாட்டி இல்லாதவர் அணைப் பக்கமே போய்விடக்கூடும். காற்று எழும்பினால் அலைக்குப் பக்கவாட்டில் திரும்பாமல் முனையைச் சற்றுச் சாய்வாக அலையை நோக்கி வையுங்கள்.

படகைக் கரையில் கட்டும்போது கயிற்றை இறுக்கி விட்டுவிடாதீர்கள். இரவில் மட்டம் இறங்கினால் படகு சரிவில் தொங்கிக் கவிழும், ஏறினால் முனை அமிழ்ந்து தண்ணீர் புகும். போதிய தளர்வு விட்டு மேட்டிலுள்ள உறுதியான மரத்தில் கட்டுங்கள். நீர் வற்றிய கரைச் சேற்றில் குதித்து இறங்காதீர்கள், முழங்கால் வரை புதையும். துடுப்பால் குத்திப் பார்த்துக் கல் தட்டுகிற இடத்தில் இறங்குங்கள்.