ஐகான் சின்னதாகவே இருக்கட்டும், தொடும் இடம் பெரிதாகட்டும்: ஃப்ளட்டரில் செய்வது எப்படி?

செயலியில் ஒரு பட்டனை இரண்டு மூன்று தடவை தட்டினால்தான் வேலை செய்கிறதா? பெரும்பாலும் விரலுக்குப் போதுமான இடம் அங்கே இல்லை என்று அர்த்தம். ஆண்ட்ராய்டுக்கு கூகுள் சொல்லும் குறைந்தபட்ச அளவு 48 x 48 டிபி (எந்தத் திரையிலும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரியும் அலகு). ஐஓஎஸ்ஸுக்கு ஆப்பிள் சொல்வது 44 x 44 பாயின்ட் (அதேபோன்ற அலகு). இதற்காக ஐகானையே பெரிதாக்கித் திரையை அடைக்க வேண்டியதில்லை. செயலிகளை உருவாக்க உதவும் கூகுளின் ஃப்ளட்டரில், 'மூடு' என்பதற்கான பெருக்கல் குறி ஐகானை வைத்துச் செய்து பார்ப்போம்.

படி 1: ஃப்ளட்டரில் ஐகானின் இயல்பான அளவு 24. அதை அப்படியே, தொடுதலைக் கவனிக்கும் விட்ஜெட்டான (திரையை உருவாக்கும் உறுப்பு) ஜெஸ்ச்சர் டிடெக்டருக்குள் வைத்தால் தொடும் இடமும் 24 x 24தான். தேவையான பரப்பில் கால்வாசி!

படி 2: ஐகானைச் சுற்றி நான்கு பக்கமும் 12 பேடிங் (சுற்றி விடும் காலியிடம்) கொடுங்கள். 12 + 24 + 12 = 48. பேடிங் ஜெஸ்ச்சர் டிடெக்டருக்கு உள்ளே இருக்க வேண்டும். வெளியே வைத்தால் இடைவெளிதான் கூடும்.

படி 3: புதியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பேடிங் வைத்த பிறகும் ஓரத்தில் தட்டினால் ஒன்றும் நடக்காது. உள்ளே இருக்கும் விட்ஜெட் தொடுதலை ஏற்றால்தான் ஜெஸ்ச்சர் டிடெக்டரும் ஏற்கும். அதன் இயல்பான அமைப்பு அப்படி. பேடிங் வெறும் காலியிடம், அது எதையும் ஏற்காது. அதனால் பிஹேவியர் என்ற இடத்தில் 'ஹிட் டெஸ்ட் பிஹேவியர் ஓபேக்' என்று கொடுங்கள். இப்போது எந்த மூலையில் தட்டினாலும் வேலை செய்யும்.

இத்தனை பாடு எதற்கு என்றால், ஐகான் பட்டன் விட்ஜெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். என் சிபாரிசும் அதுதான். போனில் அது தானாகவே 48 எடுத்துக்கொள்ளும், தட்டியதும் அலை பரவுவதுபோல் காட்டும். டூல்டிப்பில் (பட்டனுக்கான சிறு விளக்கக் குறிப்பு) 'மூடு' என்று எழுதிவிட்டால், பார்வையற்றவர்களுக்கு ஆண்ட்ராய்டின் திரை வாசிப்பானான டாக்பேக் அதைப் படித்தும் சொல்லும். இடம் அடைக்கிறதே என்று 'டேப் டார்கெட் சைஸ்' அமைப்பை மட்டும் 'ஷ்ரிங்க் ராப்' ஆக்கிவிடாதீர்கள், தொடும் இடம் சுருங்கிவிடும்.

படி 4: பட்டன்களுக்கு நடுவே குறைந்தது 8 டிபி விடுங்கள். 'அழி'யையும் 'சேமி'யையும் இன்னும் தள்ளியே வையுங்கள். கை தவறினால் போவது பயனரின் உழைப்பு.

படி 5: எமுலேட்டரில் (கணினியில் ஓடும் போலி போன்) மவுஸ் முனை மிகச் சின்ன இடத்தையும் சரியாகத் தட்டிவிடும், அதை நம்பாதீர்கள். போனை ஒரே கையில் பிடித்துக் கட்டைவிரலால் தட்டிப் பாருங்கள். பிறகு கூகுளின் ஆக்சஸிபிலிட்டி ஸ்கேனர் செயலியை ஓடவிட்டால், அளவு குறைந்த பட்டன்களை அதுவே கட்டம் போட்டுக் காட்டிவிடும்.