ரிட்டையர் ஆனவங்க யூத் ட்ரெக்கிங் கேம்ப்ல வாலண்டியரா போறது எப்படி? முதல்தடவை போறவங்களுக்கு

பென்ஷன் வாங்க ஆரம்பிச்சாச்சு, மலைன்னா இன்னும் உசுரு, ஆனா பத்து கிலோ பையை முதுகுல மாட்டிக்கிட்டு இருபது வயசு பசங்களோட தினமும் ஏறி இறங்க முடியுமான்னு தயங்கி நிக்கிறவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். தினமும் ஏற வேண்டியதில்லை. ஒரே இடத்துல தங்கி, அங்க வர்ற பசங்களைப் பாத்துக்கிற ஆள்தான் கேம்புக்கு ரொம்பத் தேவை, அந்த வேலைக்கு நம்ம வயசும் பொறுமையும் நல்லாவே பொருந்தும்.

யூத் ஹாஸ்டல்ஸ் அசோசியேஷன், அதாவது ஒய்.எச்.ஏ.ஐ, இமாச்சல்ல காசோல்லேருந்து நடத்துற சார் பாஸ் ட்ரெக்கை உதாரணமா எடுத்துக்கலாம். காசோல் பார்வதி ஆத்தங்கரையில 5,000 அடிக்கு மேல இருக்கு, பேஸ் கேம்ப் அங்கதான். மே மாசம் தொடங்குச்சுன்னா ஒரு பேட்ச் பின்னாடி ஒரு பேட்சா வந்துக்கிட்டே இருப்பாங்க. க்ரஹன், அதுக்கு மேல மிங் தாச், நகாருன்னு ஒவ்வொரு ராத்திரி ஒவ்வொரு கேம்ப்ல தங்கி, கடைசியில 13,800 அடியில பனி மேல நடந்து பாஸை, அதாவது மலைக் கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்குவாங்க. பசங்க நகர்ந்துக்கிட்டே இருப்பாங்க, ஆனா ஒவ்வொரு கேம்ப்லயும் ஒரு கேம்ப் லீடரும் சமையல் ஆளுங்களும் அங்கேயே இருப்பாங்க. சாயங்காலம் புது முகங்க வரும், காலையில கிளம்பிடும். அந்த கேம்ப் லீடர் இடம்தான் நமக்கானது.

ஸ்டெப் 1: முதல்ல ட்ரெக்கரா போங்க

ஒய்.எச்.ஏ.ஐ மெம்பர்ஷிப் எடுத்து, பணம் கட்டி, மத்தவங்களை மாதிரி ஒரு தடவை பசங்களோட பசங்களா போய்ட்டு வாங்க. தட்டு கழுவுற தண்ணி எவ்வளவு ஜில்லுன்னு இருக்கும், டென்ட்டுக்குள்ள எத்தனை பேர் நெருக்கிப் படுக்கணும், ராத்திரி படுக்கப்போற முன்னாடி குடுக்கிற சூடான போர்ன்விட்டா ஒருத்தனுக்கு எவ்வளவு தெம்பு குடுக்கும், இதெல்லாம் அனுபவிச்சவருக்குத்தான் தெரியும். சார் பாஸ் கஷ்டம்னா முதல்ல பக்கத்துல இருக்கிற மலையிலயே ஆரம்பிங்க, தமிழ்நாடு வனத்துறை 2024லேருந்து ட்ரெக் தமிழ்நாடுன்னு 40 பாதைகளை ஆன்லைன் புக்கிங்ல திறந்து விட்டிருக்கு.

ஸ்டெப் 2: பழைய வேலைக்கு ஏத்த வேலையைக் கேளுங்க

பேங்க்லயோ தாலுகா ஆபீஸ்லயோ இருந்தவங்க பேஸ் கேம்ப்ல ரெஜிஸ்ட்ரேஷன் டேபிளுக்கு உக்காரலாம், ஐடி, மெடிக்கல் சர்டிபிகேட் எல்லாம் சரிபாக்குறது, ரக்சாக், அதாவது முதுகுப் பை குடுத்து வாங்குற ஸ்டோர் கணக்கு, இதுல தப்பு வராம பாக்க பழகின கண்ணு வேணும். நர்ஸ், பார்மசிஸ்ட்னா முதலுதவி. டீச்சரா இருந்தவங்க ஓரியண்டேஷன் எடுக்கலாம். மெஸ், கேன்டீன் நடத்தினவங்களை எந்த கேம்பும் விடாது, ஏன்னா நகாரு மாதிரி 12,000 அடிக்கு மேல தண்ணி 90 டிகிரிக்குள்ளயே கொதிச்சிடும், குக்கர் இல்லாம பருப்பு வேகவே வேகாது, மழையில பேட்ச் லேட்டா வந்தாலும் சாப்பாடு சூடா இருக்கணும். எக்ஸ் சர்வீஸ்மேன், மலையில வேலை பாத்தவங்க மேல் கேம்புக்குப் போகலாம்.

இன்னொண்ணு, அங்க பேச்செல்லாம் ஹிந்தியிலதான். நம்ம ஊர்லேருந்து வர்ற பசங்க சில பேருக்கு அது புரியாது, புரியலன்னு சொல்லவும் கூச்சப்படுவாங்க. "என்ன தம்பி, சாப்டியா?"ன்னு தமிழ்ல ஒரு குரல் கேட்டா அந்த முகம் எப்படி மலரும்னு நீங்களே பாப்பீங்க.

ஸ்டெப் 3: உடம்பு

பிபி, சுகர், ஈசிஜி, டாக்டர் சொன்னா ட்ரெட்மில் டெஸ்ட், எல்லாம் முடிச்சிட்டு, எத்தனை நாள் எவ்வளவு உயரத்துல தங்கப் போறீங்கன்னு டாக்டர்கிட்ட தெளிவா சொல்லுங்க. இதயத்துல ஏதாவது இருந்தா பேஸ் கேம்ப் வேலை மட்டும் கேக்கலாமான்னு அவர்கிட்டயே கேளுங்க. மாத்திரையை தேவைக்கு மேல பத்து நாளுக்கு சேத்து எடுத்து ரெண்டு பையில பிரிச்சு வைங்க. ராத்திரி ரெண்டு மூணு தடவை எந்திரிக்க வேண்டி வரும், அதனால ஹெட்லைட்டும் சட்டுனு மாட்டுற செருப்பும் தலைமாட்டுலயே இருக்கட்டும்.

ஸ்டெப் 4: அப்ளை பண்றது

மே கேம்ப்னா ஜனவரியிலேயே ஒய்.எச்.ஏ.ஐ மாநிலக் கிளைகிட்ட கேட்டு வைங்க. ஒரு பக்கம் போதும்: வயசு, பாத்த வேலை, போன ட்ரெக்குங்க, தெரிஞ்ச மொழிங்க, எத்தனை நாள் இருக்க முடியும். இது சம்பளத்துக்குப் போற வேலை இல்ல. தங்குறது, சாப்பாடு, ரயில் செலவு, இன்சூரன்ஸ் யார் பொறுப்புன்னு முன்னாடியே எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க. சென்னையிலேருந்து டெல்லிக்கே ரெண்டு ராத்திரி ரயில்ல போயிடும், அப்புறம் பஸ்ல பூந்தர் வழியா காசோல், போய் சேந்ததும் ரெண்டு நாள் உடம்பு பழகட்டும்.

ஸ்டெப் 5: மலை நோயைக் கண்டுபிடிக்கிறது

இதை மட்டும் நல்லா மனசுல ஏத்திக்கோங்க. உயரத்துல ஆக்ஸிஜன் குறையறதால வர்ற இந்த நோய் சுமார் 8,000 அடிக்கு மேல யாருக்கு வேணா வரலாம், ஜிம் போற பையனுக்கும் வரும். தலைவலி, குமட்டல், பசியில்லாம போறது, தலைசுத்தல். பசங்க சொல்ல மாட்டாங்க, திருப்பி அனுப்பிடுவாங்கன்னு பயம்.

ஒரு கேம்ப்ல ஒரு பையன் சாப்பாட்டு லைனுக்கே வரல, டென்ட்ல போய் கேட்டா "பசிக்கல அங்கிள், டயர்டா இருக்கு"ன்னான். பக்கத்துல உக்காந்து ஊர் கதை பேசினேன், கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் மத்தியானத்துலேருந்து தலை வெடிக்குது, ரெண்டு தடவை வாந்தி எடுத்தேன்னு மெதுவா சொன்னான். காலையிலயும் குறையல, ஒரு ஆளோட கீழ இறக்கினோம், இறங்க இறங்கவே தெளிஞ்சிட்டான். அன்னிக்கு அவன் அழுதது இன்னும் கண்ணுல நிக்குது, ஆனா அவனை மேல அனுப்பியிருந்தா நான் தூங்கியிருக்க மாட்டேன்.

அதனால சாப்பாடு நேரத்துல தட்டைப் பாருங்க, யார் மிச்சம் வைக்கிறாங்க, யார் தனியா உக்காந்திருக்காங்கன்னு. சந்தேகம்னா ஒரு கால் குதிகால் இன்னொரு கால் விரலைத் தொடுற மாதிரி நேர் கோட்டுல நடக்கச் சொல்லுங்க, தள்ளாடினாலோ பேச்சு குழறினாலோ, சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியற வரைக்கும் காத்திருக்காதீங்க. உடனே பேஸ் கேம்புக்குத் தகவல், ஆக்ஸிஜன் இருந்தா அது, துணையோட கீழ இறக்கணும்.

ஸ்டெப் 6: தலை எண்ணுறது

காலையில கிளம்பும்போது ஒரு எண்ணிக்கை, சாயங்காலம் வந்ததும் ஒரு எண்ணிக்கை, ரெண்டும் நோட்டுல நேரத்தோட. 2018 மார்ச் 11 அன்னிக்கு தேனி குரங்கணி காட்டுத்தீயில போன உசுருங்களை நினைச்சா, எந்தப் பாதையில யார் இருக்காங்கன்ற பட்டியல் எவ்வளவு முக்கியம்னு தனியா சொல்ல வேண்டியதில்ல. அனுமதி இல்லாத பாதைக்கு யார் கெஞ்சினாலும் அனுப்பாதீங்க.

ஸ்டெப் 7: சின்னப் பிள்ளைங்க இருந்தா

18 வயசு ஆகாதவங்களும் வருவாங்க. ஒரு பிள்ளையோட தனியா டென்ட்டுக்குள்ள இருக்காதீங்க, முதலுதவி பண்ணும்போதும் இன்னொரு பெரியவர் கூட இருக்கட்டும், கேக்காம போட்டோ எடுக்க வேணாம். ஏதாவது தப்பு நடந்ததா ஒரு பிள்ளை சொன்னா சமாதானம் பண்ணி மூடி வைக்கக் கூடாது, 2012 போக்சோ சட்டப்படி போலீஸுக்கு தெரிவிச்சே ஆகணும்.

ஸ்டெப் 8: ஒப்படைக்கிறது

உங்க நாள் முடிஞ்சு அடுத்தவர் வந்ததும் உடனே கிளம்பாதீங்க, ஒரு ராத்திரி கூட இருங்க. தண்ணி எங்க பிடிக்கணும், எந்த டென்ட் ஒழுகுது, ஸ்டவ் எந்தப் பக்கம் வச்சா காத்து அடிக்காது, எத்தனை போர்வை கிழிஞ்சிருக்கு, இதெல்லாம் நோட்டுலயும் எழுதி வாயாலயும் சொல்லுங்க. மறுநாள் காலையில பேட்ச் கிளம்பும்போது தலை எண்ணுறதை அவர் பண்ணட்டும், நீங்க பக்கத்துல நின்னு பாருங்க, எண்ணிக்கை சரியா வந்ததும் நோட்டை அவர் கையில குடுத்துட்டு கீழ இறங்குங்க.